ஊர்க் கணக்கைக் கேளுங்கள்

கல்லூரிக்குள் நுழைந்திருக்கும் மாணவ மாணவியருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

கல்லூரியில் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருக்கும். பஸ் பாஸ், உதவித்தொகை விண்ணப்பம், வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்கு என்று அரசு அலுவலகங்களோடு நீங்களே நேரில் பேசத் தொடங்கியிருப்பீர்கள். நேற்றுவரை அப்பாவோ அம்மாவோ போட்ட கையெழுத்தை இன்று நீங்கள் போடுகிறீர்கள். கல்லூரி ஆசிரியன் என்ற முறையில் இந்த வயதில் இருக்கும் உங்களிடம் வைக்க எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் ஊரின் கணக்கைக் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை விடாமல் கேளுங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். அது ஏன், எப்படி என்பதைத்தான் இனி எழுதப்போகிறேன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொது அக்கறை இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை. 1965 ஜனவரியில் இந்தி ஆட்சிமொழியாவதை எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்கள் கல்லூரி மாணவர்கள்தாம். இரண்டே ஆண்டில், 1967 தேர்தலில், இந்த மாநிலத்தின் ஆட்சியே மாறியது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவிலும் மதுரைத் தமுக்கத்திலும் கோவை வ.உ.சி. மைதானத்திலும் இரவு பகலாக உட்கார்ந்திருந்தவர்களிலும் பெரும்பாலோர் உங்கள் வயதுக்காரர்கள். அப்போது நீங்கள் தொடக்கப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். ஒரே வாரத்தில் அவசரச் சட்டம் வந்தது, பிறகு சட்டமன்றத்தில் மசோதாவும் நிறைவேறியது. கூடினால் எதையும் சாதிக்கலாம் என்பதை உங்கள் அண்ணன்களும் அக்காக்களும் காட்டிவிட்டார்கள். அதில் எனக்கு உண்மையான பெருமை உண்டு.

ஆனால் அதே 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் 12,500-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் ஒன்றில்கூட மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் கிடையாது. 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்தது. நடக்கவிருந்த தேர்தலை, இடஒதுக்கீட்டு முறையில் குறை இருப்பதாகச் சொல்லிச் சென்னை உயர்நீதிமன்றம் ரத்துசெய்தது. அதன்பின் தேர்தல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது, தனி அலுவலர்கள் நிர்வாகத்தைப் பார்த்தார்கள். ஊரகப் பகுதிகளில் 27 மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் வந்தது. எஞ்சிய 9 மாவட்டங்கள் 2021 அக்டோபர்வரை காத்திருந்தன. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளுக்கு 2022 பிப்ரவரியில்தான் விடிந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இல்லை என்ற காரணத்தால் மத்திய நிதிக்குழு மானியத்தில் ஒரு பகுதியும் வராமல் நின்றது. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, தெருத்தெருவாக மக்கள் குடங்களோடு லாரிக்குக் காத்துநின்றபோது, போய்க் கேட்க ஒரு கவுன்சிலர்கூடச் சென்னை மாநகராட்சியில் இல்லை.

இதற்காக எந்தக் கடற்கரையிலும் கூட்டம் கூடவில்லை. ஜல்லிக்கட்டுக்குக் கூடியது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. நம் வீட்டுக் குழாயும் தெருவிளக்கும் சாக்கடையும் சத்துணவுக்கூடமும் யார் கையில் இருக்கின்றன என்பது நமக்கே தெரியாமல் போயிருந்தது. பெரிய அநீதி நம் கண்ணில் பட்டுவிடுகிறது. காலியாகக் கிடக்கும் ஊராட்சித் தலைவர் நாற்காலி படுவதில்லை.

அந்த நாற்காலிக்கு ஒரு வரலாறு உண்டு. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். பத்தாம் நூற்றாண்டின் முதல் பாதியில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், குடவோலை முறையில் வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த செய்தியைச் சொல்வது அது. அதில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி போட்டிக்கு வரக்கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் வரக்கூடாது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கணக்குக் காட்டுவதைப் பதவிக்குத் தகுதியாக வைத்திருக்கிறார்கள். ஆனால் அதே கல்வெட்டில் இன்னொரு பட்டியலும் இருக்கிறது. சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும், வயது 35-க்கு மேல் இருக்க வேண்டும். பெண்களுக்கும் நிலமில்லாத உழவருக்கும் கைவினைஞருக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. இன்று உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் யாருமே அந்தச் சபைக்குள் நுழைந்திருக்க முடியாது.

அந்தச் சபையின் கதவு எல்லாருக்கும் திறக்க நெடுங்காலம் ஆனது. 73-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஆனால் சட்டம் திறந்த கதவை ஊர் அடைத்தது. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. அங்கே தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் உடனிருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை வழிமறித்துக் கொல்லப்பட்டார்கள். இதேபோல் ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் 1996-இலிருந்து பத்தாண்டுகள் முறையான தேர்தலே நடத்த முடியவில்லை. 2006-இல்தான் அங்கே நாற்காலிகள் நிரம்பின.

தம்பி, தங்கை, ஊராட்சி என்றால் சின்ன விஷயம் என்று யாரும் உங்களிடம் சொல்ல விடாதீர்கள். அந்தச் சின்ன நாற்காலிக்காக இந்த மண்ணில் உயிர் போயிருக்கிறது. அதற்குள் அவ்வளவு அதிகாரம் இருப்பதால்தான் அதைத் தடுக்க அவ்வளவு வன்முறை தேவைப்பட்டது.

அந்த அதிகாரத்தின் ஊற்று கிராம சபை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லாரும் அதன் உறுப்பினர்கள். யாரும் உங்களை நியமிக்க வேண்டாம், பதவிப் பிரமாணம் வேண்டாம். பதினெட்டு வயதாகிப் பட்டியலில் பெயர் ஏறிய நாளில் நீங்கள் உறுப்பினராகிவிடுகிறீர்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் அது கூடுகிறது. இவற்றில் நான்கு நாள் அரசு விடுமுறை. விடுதியில் தங்கிப் படிப்பவர்களும் பெரும்பாலும் ஊருக்கு வந்திருப்பீர்கள். வகுப்பும் போகாது, வருகைப்பதிவும் குறையாது.

ஊராட்சியின் வரவு செலவும் தணிக்கை அறிக்கையும் அங்கேதான் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். அடுத்த ஆண்டு என்ன வேலை செய்வது என்ற திட்டத்துக்கு ஒப்புதல் தருவதும், பயனாளிகள் பட்டியலைப் பார்ப்பதும் அங்கேதான். 2005-ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டம், செலவைச் சமூகத் தணிக்கை செய்யும் பொறுப்பையும் கிராம சபையிடம்தான் ஒப்படைத்தது. நடைமுறையில் பல ஊர்களில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். மரத்தடியில் நாலு நாற்காலி, ஒரு மைக். கணக்கை அவசர அவசரமாக வாசித்துவிட்டுத் தீர்மான நோட்டை நீட்டுவார்கள், எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலைவார்கள். அந்த இடத்தில் படித்த பிள்ளை ஒருவர் எழுந்து, “இந்தத் தலைப்பில் செலவு எதற்கு ஆச்சு, கொஞ்சம் நிறுத்தி வாசிங்க” என்று மரியாதையாகக் கேட்டால் கூட்டத்தின் போக்கே மாறும். தீர்மானம் எழுதி முடிப்பதற்கு முன் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுப் பக்கத்தில் போட்ட கையெழுத்துக்கு மேல் எதை வேண்டுமானாலும் எழுதலாம்.

கிராம சபையின் சொல்லுக்கு என்ன மதிப்பு என்று சந்தேகப்படுகிறவர்கள் ஒடிசாவின் நியமகிரி மலையைப் பாருங்கள். அங்கே பாக்சைட் சுரங்கம் தோண்டும் திட்டத்துக்கு எதிராக டோங்ரியா கோந்து பழங்குடியினர் போராடினார்கள். முடிவை அந்த மக்களின் கிராம சபைகளே எடுக்கட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு வழிவிட்டது வன உரிமைச் சட்டம். 12 ஊர்களின் சபைகள் ஒவ்வொன்றாகக் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. பன்னாட்டு நிறுவனமும் மாநில அரசும் ஒரு பக்கம், எழுதப் படிக்கத் தெரியாத மலைவாசிகள் பலர் மறுபக்கம். சுரங்கம் வரவில்லை.

நகரத்தில் இருப்பவர்கள் நமக்கு இதெல்லாம் இல்லை என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு வார்டுக்கும் வார்டு குழு, அதற்குக் கீழே பகுதி சபை என்ற ஏற்பாட்டுக்குத் தமிழ்நாட்டில் 2022-இல் விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று நகரங்களில் பகுதி சபைகள் கூடின. உங்கள் பகுதி சபை கடைசியாக எப்போது கூடியது, என்ன பேசியது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். கேட்பார் இல்லாத சபை தானாகவே கலைந்துபோகும்.

இனி எழுத்தில் கேட்பது. வாயால் கேட்டால் பதில் காற்றோடு போகும். மனு கொடுத்தால் ரசீது வாங்குங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமைதோறும் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் மனு கொடுக்கலாம், பதிவு எண்ணும் தருவார்கள். அந்த எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் போய்க் கேட்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது.

அதற்கும் மேலான கருவி தகவல் பெறும் உரிமைச் சட்டம். இப்படி ஒரு சட்டத்தை முதலில் இயற்றிய மாநிலம் தமிழ்நாடுதான், 1997-இல். விலக்குகள் நிறைந்த அந்தச் சட்டம் அதிகம் பயன்படவில்லை. நாடு முழுவதற்குமான 2005-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உயிர் கொடுத்தவர்கள் ராஜஸ்தானின் கூலித் தொழிலாளர்கள். பஞ்ச நிவாரண வேலை பார்த்தும் முழுக்கூலி கிடைக்காதவர்கள், தங்கள் பெயர் எழுதப்பட்ட வருகைப் பட்டியலைக் காட்டச் சொன்னார்கள். மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பின் கீழ்க் கூடி, அந்தப் பட்டியல்களை ஊர் நடுவே வாசித்தார்கள். வேலைக்கே வராதவர் பெயரில் கூலி போயிருந்தது அம்பலமானது. 1996-இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். அவர்களில் எத்தனையோ பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்கள் வாங்கித் தந்த சட்டத்தைப் பட்டப்படிப்புப் படிக்கும் நாம் தொடாமலே வைத்திருக்கிறோம்.

அதைப் பயன்படுத்துவது சுலபம். வெள்ளைத்தாளில் தமிழிலேயே எழுதலாம். அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்ட வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்ற காரணம் சொல்லத் தேவையில்லை. 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம். நியாயமான காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய்வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. இதற்கு வயது வரம்பு கிடையாது, பதினேழு வயதிலேயே எழுதலாம்.

கேள்வியை எழுதும் விதத்தில் கவனம் வேண்டும். “எங்கள் தெருவுக்கு ஏன் ரோடு போடவில்லை?” என்று கேட்டால், தகவல் கோரவில்லை, விளக்கம் கோரியிருக்கிறீர்கள் என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். “இந்தத் தெருவுக்கு இந்த மூன்று ஆண்டுகளில் எந்தத் திட்டத்தில், எந்தத் தேதியில், எவ்வளவு தொகை ஒதுக்கப்பட்டது? மதிப்பீட்டின் நகலும், வேலையை அளந்து பதிந்த எம் புக்கின் நகலும், பணம் பட்டுவாடா செய்த ரசீதின் நகலும் வேண்டும்.” இப்படிக் கேட்டால் தப்பிக்க வழி குறைவு. நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளில் மாதிரி எடுக்கவும்கூட அந்தச் சட்டம் உரிமை தருகிறது. சிவில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். எம் புக்கில் எழுதியிருக்கும் கனத்தில் உங்கள் ஊர்ச் சிமெண்ட் ரோடு இருக்கிறதா என்று சொல்ல உங்களைவிடத் தகுதியானவர் ஊரில் யார்? வணிகவியல் படிக்கிறவர்கள் ஊராட்சியின் தணிக்கை அறிக்கையை வாங்கிப் படியுங்கள். வேதியியல் படிக்கிறவர்கள் மேல்நிலைத் தொட்டியைக் கடைசியாகச் சுத்தம் செய்த தேதியையும், குளோரின் கலந்த பதிவேட்டையும் கேளுங்கள்.

உங்களில் பலர் நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்திருப்பீர்கள். 1969-இல், காந்தி நூற்றாண்டில் தொடங்கிய திட்டம் அது. ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை, ஏழு நாள் சிறப்பு முகாம். முகாமில் தெருக் கூட்டுகிறோம், சீமைக்கருவேலம் வெட்டுகிறோம், மரக்கன்று நடுகிறோம். எல்லாம் நல்ல வேலைதான். அந்த ஏழு நாளில் ஒரு மாலையை மட்டும் ஊராட்சி அலுவலகத்தில் செலவிடுங்கள். தெருவைக் கூட்டும் தூய்மைக் காவலருக்கு மாதச் சம்பளம் எவ்வளவு, அது எந்தத் தேதியில் வருகிறது, கையுறை கொடுக்கப்பட்டதா என்று கேட்டு எழுதுங்கள். நாம் ஒருநாள் கூட்டிய தெரு மறுநாள் குப்பையாகிவிடும். அந்தத் தொழிலாளிக்கு நேரத்துக்குச் சம்பளம் வந்தால் தெரு ஆண்டு முழுக்கச் சுத்தமாக இருக்கும்.

உங்கள் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். “படிக்கிற வேலையைப் பாரு. வம்பு எதுக்கு? நாளைக்கு வேலைக்குப் போகும்போது போலீஸ் சரிபார்ப்பு வரும்.” அவர்கள் பயத்தை அலட்சியம் செய்யாதீர்கள், அது பட்டு வந்த பயம். ஒரு தகவல் மனு எழுதுவதாலோ கிராம சபையில் கேள்வி கேட்பதாலோ யார் மீதும் வழக்கு வராது, அது சட்டம் கொடுத்த உரிமை என்று பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். முதல் கூட்டத்துக்கு அம்மாவையும் கூட்டிப்போங்கள். அவர் உங்களுக்கு முன்பிருந்தே உறுப்பினர்.

ஆனால் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மணல், கல்குவாரி, நில ஆக்கிரமிப்பு போன்று பெரும்பணம் புழங்கும் இடங்களில் கேள்வி கேட்டவர்கள் நம் நாட்டில் தாக்கப்பட்டிருக்கிறார்கள், கொல்லப்பட்டும் இருக்கிறார்கள். அந்த விஷயங்களில் தனியாக இறங்காதீர்கள். அனுபவமுள்ள அமைப்பு, வழக்கறிஞர், பத்திரிகையாளர் துணையோடு மட்டும் போங்கள். தெருவிளக்கில் தொடங்குங்கள், ரேஷன் கடையில் தொடங்குங்கள். கேட்கும் பழக்கம் வந்தால் தைரியமும் கூடவே வளரும். எப்போதும் நாலைந்து பேராகப் போங்கள். அந்த நாலைந்து பேரும் ஒரே தெரு, ஒரே சாதியாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊரும் காலனியும் சேர்ந்து கேட்கும் கேள்வியை யாராலும் பிரித்துவிட முடியாது.

கட்சியில் சேரலாமா என்று கேட்பீர்கள். தாராளமாகச் சேருங்கள், நம்பும் கொள்கைக்காக வேலை செய்யுங்கள். ஆனால் உங்கள் கட்சிக்காரர் தலைவராக இருக்கும்போதும் அதே கேள்வியைக் கேளுங்கள்.

வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதை இன்றே முடியுங்கள். 21 வயதில் கிடைத்த வாக்குரிமை 1989 மார்ச்சிலிருந்து 18 வயதுக்கு வந்தது. முன்பு ஜனவரி 1 அன்று 18 முடிந்திருந்தால்தான் அந்த ஆண்டு சேர முடியும். இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள் நான்கும் தகுதி நாட்கள். 17 வயது முடிந்தவர்கள் படிவம் 6-ஐ முன்கூட்டியே கொடுத்துவைக்கலாம். விடுதி மாணவர்கள் சொந்த ஊர், விடுதி முகவரி இரண்டில் ஒன்றில் மட்டும் சேரலாம். என் விருப்பத்தைக் கேட்டால், கணக்குக் கேட்க மனம் எங்கே இருக்கிறதோ அங்கே சேருங்கள் என்பேன்.

கடைசியாக ஒன்று. மூன்று ஆண்டுப் படிப்பு முடியும்போது உங்களுக்கு 21 வயது நெருங்கியிருக்கும். சட்டமன்றத்துக்குப் போட்டியிட 25 ஆக வேண்டும், ஊராட்சிக்கு 21 போதும். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு என்று 2016-இலேயே சட்டம் வந்துவிட்டது. 2020 ஜனவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 21 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் ஊராட்சித் தலைவராகப் பதவியேற்றார். உங்களில் சிலரும் அந்த நாற்காலியில் உட்காருவீர்கள், உட்கார வேண்டும். அன்றைக்கு ஒரு கிராம சபையில், கல்லூரிக்குப் புதிதாகப் போயிருக்கும் பிள்ளை ஒருவர் கையில் தாளோடு எழுந்து உங்களிடம் கணக்குக் கேட்பார். அவரை உட்காரச் சொல்லாதீர்கள். நோட்டைத் திறந்து வைத்து, கடைசி ரூபாய்வரைக்கும் பதில் சொல்லுங்கள்.

மிகுந்த நம்பிக்கையோடு,
உங்கள் ஆசிரியர்களில் ஒருவன்